மூன்றாவது சொல்

என் பல்செட்டின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மருத்துவமனை அறையில் காலை வெயில் மேசைமேல் சோம்பலாகக் கிடக்கிறது. சின்ன வயது டாக்டரம்மா மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு, நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். நான் தவறினால் எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, எங்கள் இருவரையும் தன் அடுக்குமாடிக்கு அழைத்துப் போய்விடுவான் மகன். கதவோரம் கைகட்டி நிற்கிறான். எனக்கென்ன பயம்? நான் பிறந்தபோது மருத்துவச்சி என்னை எந்தக் கையால் தூக்கினாள் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. “இப்பச் சொல்லுங்க ஐயா” என்கிறார் டாக்டரம்மா. மின்விசிறி கிறீச்சிடுகிறது. பக்கத்து நாற்காலியில் என் மனைவி எதேச்சையாகக் குடையை எடுத்து மடியில் வைக்கிறாள். “குடை” என்கிறேன். அவள் இடுப்பிலுள்ள சாவிக்கொத்து தானாகவே குலுங்குகிறது. “சாவி” என்கிறேன். பிறகு அவளுக்கு இருமல் வருகிறது. ஆட்டுக்குட்டி கத்துவது போன்ற இருமல். அவர்கள் பரம்பரைக்கே அப்படித்தான். “ஆடு!” என்கிறேன்.

“அம்மா!” என்று பல்லைக் கடிக்கிறான் மகன்.

“தொண்டை கமறுதுடா. அதுக்கும் உன்னக் கேக்கணுமா?”

டாக்டரம்மா குனிந்து சிரிப்பை விழுங்குகிறார். “ரெண்டு பேரும் அவங்க வீட்டுலயே இருக்கட்டும் சார். ஆனா சேர்ந்தே இருக்கணும்.”

என் உள்ளங்கைக்குள் அவள் விரல்கள் வந்து ஒதுங்குகின்றன. வியர்த்திருக்கின்றன. டாக்டரம்மா சொன்ன மூன்றாவது சொல் யானை; மறந்தது நானில்லை.