தேர்வான தகடு

ஆள்சேர்ப்பு ஏஜென்சியின் ஷெட்டுக்கு வெல்டர் சவரிராஜ் மூன்றாம் முறையாக வந்திருந்தான். இரண்டு முறை டெஸ்ட் கொடுத்து, இரண்டு முறையும் ஃபெயில் என்று அனுப்பப்பட்டவன். இன்று வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து தமிழ் தெரியாத அதிகாரி ஒருவர் வந்திருந்தார். அவர் மேசையில், டெஸ்டில் பாஸானவர்கள் வெல்டிங் செய்தவை என்று பெயர்ச்சீட்டு ஒட்டிய இரும்புத் தகடுகள். ஒரு தகட்டைப் பார்த்ததும் சவரிராஜ் நின்றுவிட்டான். வெல்டிங் முடிகிற இடத்தில் இடப்பக்கமாக ஒரு சுழி. அது அவன் கைப்பழக்கம். சீட்டில் இருந்த பெயர் தயாநிதி.

"இது நான் பத்தவச்சதுங்க."

"இரும்புல உன் பேரா எழுதியிருக்கு?" ஏஜென்ட் அதிகாரிக்காக வைத்திருந்த சிரிப்பு மாறாமல் சொன்னார். "வெளிய போ. அடுத்த மாசம் டெஸ்ட் இருக்கு, வா."

"என் கைய வித்துத் திங்கிறியாடா?"

தகட்டைப் பிடுங்கித் தரையில் போட்டு, மூலையில் கிடந்த சம்மட்டியால் வெல்டிங் மேலேயே ஓங்கி அடித்தான். தகடு வளைந்தது. வெல்டிங் விடவில்லை. மறுபடியும் அடித்தான். சிமெண்டுத் தரைதான் சிதறியது.

"ஸ்ட்ரென்த் டெஸ்ட், சார்," என்றார் ஏஜென்ட்.

அதிகாரி குனிந்து தகட்டை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பட்டியலில் தயாநிதியின் பெயருக்கு நேராக டிக் அடித்தார்.