தேதி போதாத பாஸ்போர்ட்

பேரக் குழந்தையைப் பார்க்க வெளிநாடு கிளம்பிய ஓரகத்தியின் பாஸ்போர்ட்டை மூத்தவள் புரட்டிப் பார்த்தாள். காலாவதியாக நான்கு மாதமே இருந்தது. அந்த நாட்டுக்குள் நுழைய ஆறு மாதமாவது இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்? ஆனால் கூப்பிட ஒரு பிள்ளையில்லாத அவளுக்கு வயிறு எரிந்தது. பேசாமல் மூடிக் கொடுத்துவிட்டு, 'இவள் திரும்பி வரட்டும்' என்று சாமியிடம் வேண்டிக்கொண்டாள்.

மாலையே இளையவள் பெட்டியோடு வந்து நின்றாள்.

"என்னடி, விடலையா?"

"நீங்கதானேக்கா வரச் சொன்னீங்க" என்றாள், கோபமே இல்லாமல். வாசலில் கிடந்த எல்லோருடைய செருப்பையும் வழக்கம்போல் ஜோடி சேர்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

மறுநாள் காலை மூத்தவளின் போன் அடித்தது. திரையில் இளையவள், மடியில் குழந்தையோடு.

"அக்கா, தேதி பத்தலைன்னுதான் சொன்னாங்க. ஒரு ஆபீசரம்மா இரக்கப்பட்டு விட்டுட்டாங்க. எல்லாம் உங்க வேண்டுதல்! இவனை முதல்ல உங்களுக்குத்தான் காட்டுறேன்."

மூத்தவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள். அங்கே காய் நறுக்கும் சத்தம் நின்றது.

"போன்ல யாருக்கா?" என்று அதே குரல் அங்கிருந்து கேட்டது.