இறங்குது

இப்போதெல்லாம் மடியைத் தொட்டே பார்க்காதவன்தான் பாலைப் பற்றி வகுப்பு எடுக்கிறான். போன வருஷம் வரை செல்போனுக்கு உறை விற்றவன், இந்த வருஷம் சட்டைப் பையில் மாட்டுத் தலையைத் தைத்துப் போட்டுக்கொண்டு, தீவனத்தில் கலக்கிற பவுடர் விற்க வந்துவிடுகிறான். அதையும் வாயைப் பிளந்துகொண்டு கேட்க ஆள் இருக்கிறது.

அன்றைக்குப் பால் நிலையத்து ஹாலில் நாற்பது பேர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் மாடு வைத்திருப்பவர்கள். சுவரில் ஒரு படம், அதில் ஒரு அம்புக்குறி மேலே போய்க்கொண்டே இருந்தது. பால் கூடுகிறதாம். 'நீ ஒரு நாளாவது கறந்திருக்கியா?' என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"தம்பி, எங்க மாடு இதைத் தின்னுமா?" என்றார் முன்வரிசை மீசைக்காரர்.

"கேட்டு வாங்கித் தின்னும் சார்!"

அதற்கும் சிரித்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் நாற்பது பேரும் மூட்டைக்குப் பேர் கொடுத்துவிடுவார்கள் என்று பவுடர்க்காரன் தன் கம்பெனி மேனேஜரிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அந்தப் பேர்கள் சேராவிட்டால் வேலை போய்விடும். மறுபடியும் செல்போன் உறைதான்.

"நான் சொன்னா நம்பாதீங்க. போன மாசம் ஒருத்தருக்குச் சும்மா ஒரு மூட்டை குடுத்தேன். போட்டுப் பாத்த அந்தப் பெரியவரே வந்து உங்க முன்னாடி பேசுவாரு" என்று மைக்கில் சொல்லி அவன் வாயை மூடவில்லை, பெரியவர் வாசலில் வந்து நின்றார்.

ஒரு கையில் சுருட்டிய காலி மூட்டை. மறு கையில் விலைச் சீட்டுகூடக் கிழிக்காத புது அலுமினியக் கேன். முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது.

பவுடர்க்காரன் பல்லெல்லாம் தெரிய ஓடி வந்தான். "வாங்க தாத்தா! பால் எப்படி?"

"இறங்குது."

"என்னது?"

"இறங்குதுப்பா. உன் பவுடரைப் போட்ட நாள்லருந்து இறங்குது. நேத்து காலையில மட்டும் ரெண்டு லிட்டர் வித்தியாசம். இருக்கிறதை அப்படியே போய்ச் சொல்லிட்டு வாங்கன்னு மருமக அனுப்பி வச்சா. எங்க அந்த மைக்கு?"

அவன் சட்டென்று ஹாலைத் திரும்பிப் பார்த்தான். பெரியவரின் தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாகப் பின்பக்கம் கேன் கழுவுகிற அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினான். ஈரத் தரையில் அவனுடைய பளபள ஷூ வழுக்கியது. புளித்த பால் வாடைக்கு மூக்கைச் சுளித்தான். இவன் பால் வியாபாரத்துக்கு வந்தவன்!

"தாத்தா, தயவுசெஞ்சு அங்க இதைச் சொல்லாதீங்க. என் பொழப்பே போயிடும்."

"நடந்ததைச் சொன்னா உன் பொழப்பு ஏன்டா போகுது?"

"என் பவுடரால அது நடந்திருக்கவே முடியாது!"

"ஏன் முடியாது? வாயில நுழையாத பேரா மூட்டை மேல வரிசையாப் போட்டிருக்க?"

"அது சும்மா அச்சடிச்சது. உள்ள ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லாமயா அந்தக் கனம் கனத்துச்சு?"

அவன் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "தவிடு. கொஞ்சம் உப்பு. வாசனைக்கு ஒரு சொட்டு எசன்ஸ். அவ்வளவுதான் தாத்தா. இதைத் தின்ன மாட்டுக்கு நல்லதும் ஆகாது, கெட்டதும் ஆகாது. எங்கம்மா மேல சத்தியம்."

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்த்து மாட்டை வேண்டாம் என்று தள்ளுகிற பார்வை அது.

"அப்போ எதுக்குடா நாலு வாளித் தண்ணியில கலக்கிக் குடுக்கச் சொன்ன? எங்க கொட்டகையில என்னைக்கும் ரெண்டு வாளிதான். இந்த ஒரு மாசமா மருமக குழாய்க்கும் கொட்டகைக்குமா நடந்து தேஞ்சே போயிட்டா."

"உப்பு இருக்கே, மாட்டுக்குத் தாகமா இருக்குமேன்னு சொன்னேன். வேற ஒண்ணுமில்ல. அதுவும் நல்லதுதானே தாத்தா? தண்ணி நிறையக் குடிச்சா பால் கூடத்தானே செய்யணும்?"

"தண்ணியால பால் கூடுறது கறந்த பிறகுதான்டா. எனக்கே சொல்லித் தர்றியா?"

காலி மூட்டையை அவன் நெஞ்சில் திணித்துவிட்டு, கேனை எடுத்துக்கொண்டு பெரியவர் கதவைத் திறந்தார். ஹாலில் நாற்பது தலைகளும் திரும்பின. அவர் மைக் பக்கம் போகவில்லை. முதலில் பவுடர் என்றான், பிறகு தவிடு என்றான், இப்போது தண்ணீர் என்கிறான். இவன் சொன்னதில் எந்த ஒன்றையும் நம்புவதாக இல்லை என்பது அவர் வாசலைப் பார்த்து நடந்த நடையிலேயே தெரிந்தது.

பவுடர்க்காரன் பின்னாலேயே ஓடிவந்து காதோரம் கெஞ்சினான். "ரொம்ப நன்றி தாத்தா. பால் குறைஞ்சுபோன விஷயத்தை வெளியிலயும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பெரியவர் நடையை நிறுத்தவும் இல்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"குறைஞ்சுதுன்னு எவன்டா சொன்னான்? மடியிலருந்து இறங்குதுன்னேன். பழைய கேன் பத்தல."