மூன்றாவது முறை

பேரனுக்கு என் தம்பி ஈஸ்வரன் பெயர்தான் என்று மகன் பிடிவாதமாக நின்றான். ஒரு வரப்புத் தென்னைக்காக நானும் தம்பியும் போட்ட சண்டைச் சத்தத்தில், செம்பட்டி வந்த பஸ்களெல்லாம் மிரண்டு திண்டுக்கல்லுக்கே திரும்பிவிட்டன. பதினெட்டு வருஷம் நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. போன தையில் அவன் செத்தபோதும் போகவில்லை.

தாத்தாதான் பிள்ளையின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். அரை மனதாகக் குனிந்தேன்.

"ஈஸ்வரா... ஈஸ்வரா..." மூன்றாவது முறை குரல் உடைந்தது.

"வாரேண்ணே! கூப்பிட இம்புட்டு நாளா?" என்று வாசலில் சத்தம் கேட்டது.

வாசலில் யாருமில்லை. என் மனைவி பந்தியில் என் பக்கத்தில் இன்னொரு இலை போட்டுப் பரிமாறினாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், ரசம்தான் கேட்டேன்.

திரும்பியபோது பக்கத்து இலை காலியாகி, உள்பக்கமாக மடித்திருந்தது.