கழற்றாத படம்

“அந்தப் படம் சுவரில இருந்தால் எனக்குக் கலியாணமே வேண்டாம், தவம்.”

“அதைக் கழட்டினால் எனக்கும் வேண்டாம், கனகேஸ்வரி.”

பொயிண்ட் குக் புறநகரில் பக்கத்து வீட்டுச் சண்டை என்றால் விஜயாவின் வேலியோரச் செடிகளுக்கு இரட்டிப்புத் தண்ணீர் கிடைக்கும். செத்த பெண்டாட்டி படத்தை விடாதவருக்கு ஐம்பத்தெட்டு வயதில் இரண்டாம் கல்யாணம் எதற்கு என்று பொருமியவள், பொறுக்காமல் சாம்பார்க் கிண்ணத்தோடு அந்த வீட்டுக்குள் போனாள்.

தவத்தின் கையிலிருந்த படத்தில் மீசைக்காரர் ஒருவர் சிரித்தார்.

“இது யாருங்க?”

“இவவின்ர முதல் மனுசன். யுத்தத்தில போனவர். இவ்வளவு வருசமா இவ அழுத ஆளைக் கலைச்சுப்போட்டு எனக்கு ஒரு வாழ்க்கை வேண்டாம், தங்கச்சி.”

கனகேஸ்வரி தான் பிடுங்கி வைத்திருந்த ஆணியை எடுத்துக் கொடுத்தாள்.

தையில் கல்யாணம் முடிந்து இருவரும் பக்கத்துப் புறநகரான ட்ருகனினாவுக்குக் குடிபோனார்கள். காரில் அந்தப் படம் தவத்தின் மடியில் போனது. விஜயாவின் செடிகள்தான் வாடிவிட்டன.