மத்தியானத்தில் நடப்பவள்

“டொக்டரம்மா, குறை நினையாதேங்கோ. நான் படலை தாண்டி வரமாட்டன். இதிலை நிண்டே கதைக்கிறன்.”

சொன்னவர் வீட்டுச் சொந்தக்காரர் முருகேசு. சரவணைக் கிராமத்தில் வயலும் தோட்டமுமாக வசதியாக வாழ்கிற மனிதர். சொந்த வீட்டுக்குள் வரமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் டொக்டர் மனோகரிக்குச் சிரிப்பு வராதா? ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.

“என்ரை மூத்த தாரம் இந்த வீட்டிலைதான் பிள்ளைப்பேறிலை செத்தவ. இவ்வளவு காலமும் பேசாமக் கிடந்தவ, நீங்கள் வந்தாப்பிறகு மத்தியானத்திலை நடக்கிறாவாம். ஊர் முழுக்க இதுதான் கதை.”

“நீங்கள் கண்டனீங்களோ?”

“காணக்கூடாது எண்டுதான் இஞ்சை நிக்கிறன்.”

மருத்துவ பீடத்தின் சமூக மருத்துவத் துறை அந்த வீட்டை வாடகைக்கு எடுத்து, தாய்மாருக்கான கிளினிக் திறந்திருந்தது. வெளியூர்க் கிளினிக் நடத்தாதவருக்கு அந்தத் துறையில் பதவி உயர்வு கிடையாது. இதுவரை நடத்தப் போனவர்கள் எல்லாரும் ஆண்கள். மனோகரி சண்டை பிடித்துத்தான் வந்திருந்தாள். ‘சனம் வராவிட்டால் இனி ஒரு பெண்ணையும் அனுப்பமாட்டேன்’ என்று சொல்லித்தான் துறைத் தலைவரும் விட்டார்.

சனம் வரவில்லை.

எதிரே ரோட்டு மதகில் குந்தியிருந்து காட்ஸ் விளையாடுகிற ஆண்கள் மட்டும் காலையிலேயே வந்துவிடுவார்கள். யார் வீட்டுப் பெண் கிளினிக் பக்கம் திரும்புகிறாள் என்று பார்ப்பதுதான் அவர்களுக்கு உத்தியோகம். “டொக்டருக்குப் படிக்கிற பெடியள் வந்துபோற இடம். எங்கடை பொம்பிளையள் என்ன, அவைக்குப் பாடப் புத்தகமோ?” என்று கேட்கக்கூடியதாகவே கதைப்பார்கள். பேய்க்கதை பரவியதும் அவர்களும் மதகை விட்டு எழும்பிப் போய்விட்டார்கள். ரோட்டில் நாய்கூட இல்லை.

அன்று வெயில் உச்சிக்கு ஏறிய நேரம், பின்வளவில் ஒரு குழந்தை அழுதது. யாரோ வாயைப் பொத்தியதுபோல உடனே நின்றது.

மனோகரி ஓடிப்போய்ப் பார்த்தாள். ஒருவருமில்லை. பின்கதவுப் படியில் ஈரக் கால்தடம் ஒன்று இருந்தது. பெண்ணின் கால். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காய்ந்து மறைந்தது.

காற்றில் ஒரு மணம் வந்தது. சமையலுக்கு இருக்கிற அன்னப்பிள்ளையைக் கூப்பிட்டாள்.

“அக்கா, பிள்ளை பெத்தவைக்குக் குடுக்கிற சரக்கு வறுக்கிறியளோ?”

“நான் இன்னும் அடுப்பே மூட்டேல்லை, டொக்டரம்மா.”

சொல்லும்போது அன்னப்பிள்ளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மனோகரிக்குப் பயம்தான், சும்மா சொல்லக்கூடாது. பிணம் அறுத்துப் படித்தவளுக்கும் முதுகு கூசியது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. செத்துப்போன ஒரு பெண்ணைக் காட்டி, உயிரோடு இருக்கிற இத்தனை பெண்களின் வழியை அடைக்கிறார்களே என்று நினைத்து அழுதாள்.

அடுத்த நாள் மத்தியானம் துறைத் தலைவரே ஜீப்பில் வந்து இறங்கினார். நோயாளர் இருக்கப் போட்ட வாங்கில் ஆளில்லாததைப் பார்த்தார். சந்தோஷத்தை மறைக்கத் தெரியாத மனிதர்.

“நான் அப்பவே சொன்னனான். பொம்பிளையளுக்கு இது சரிவராது. பேய் எண்டு வேறை கதைக்கினம். பயந்தாங்கொள்ளியளை வைச்சு டிப்பார்ட்மென்ற் நடத்தேலாது, மனோகரி.”

“பேய்க்குப் பயந்து நான் போகமாட்டன், சேர்.”

பின்வளவில் குழந்தை அழுதது.

“ஆற்றை பிள்ளை?”

“இஞ்சை பிள்ளை இல்லை, சேர்.”

சரக்கு மணம் அறைக்குள் வந்தது. யன்னலுக்கு வெளியே, தலையை வெள்ளைச் சேலையால் மூடிய உருவம் ஒன்று வேலியோரமாக நகர்ந்தது. காலடிச் சத்தமே இல்லை. கதிரையை விட்டுச் சேர் எழும்பியதை மனோகரி கண்டாள். ஜீப்புக்குள் எப்படிப் போனார் என்பதைக் காணவில்லை.

“பின்னேரம் ஜீப் அனுப்புறன். சாமானைக் கட்டி வையும்” என்று உள்ளே இருந்தபடியே சொன்னார்.

புழுதி அடங்குமுன் பின்கதவில் தட்டுக் கேட்டது. மனோகரி திறந்தாள்.

வெள்ளைச் சேலை நின்றது. நிறைமாத வயிறு. 

“ஜீப்பும் போயிட்டுது, மதகிலையும் ஆக்கள் இல்லை. எல்லாரும் வாருங்கோ பிள்ளையள்” என்று அன்னப்பிள்ளை குசினிக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். கையில் சரக்கு வறுத்த தாச்சி.

வெள்ளைச் சேலைக்குப் பின்னால் இன்னொருத்தி. கைக்குழந்தையோடு ஒருத்தி. நடக்க ஏலாமல் பிடித்துக் கூட்டிவரப்பட்ட ஒருத்தி. கிணற்றடி வரைக்கும் பெண்கள்.

முன்னால் நின்றவள் முக்காட்டை எடுத்தாள்.

“நான் சறோஜினிதேவி. இந்த வீட்டுக்காரற்றை ரெண்டாந்தாரம். மதகிலை இருக்கிறவை எழும்பிப் போகாமல் எங்களாலை வரேலாது. உங்களைப் பயப்பிடுத்தினதுக்குக் கோவியாதேங்கோ.”

“எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே?”

“நீங்களும் பயந்தால்தான் ஆம்பிளையள் நம்புவினம்.”

மனோகரி அன்னப்பிள்ளையிடம் திரும்பினாள்.

“அக்கா, பின்னேரம் அந்த ஜீப்பிலை நான் போகேல்லை. இண்டைக்குப் பாத்த ஆக்களின்ரை கணக்குத்தான் போகும்.”

சறோஜினியைக் கட்டிலில் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை குறுக்கே கிடந்தது. இன்னும் பிந்தியிருந்தால் இவளையும் இழந்திருப்பார்கள்.

“பெரியாஸ்பத்திரிக்கு உடனை போகவேணும். நான் கூட வாறன்” என்றாள். பிறகு, கேட்காமல் இருக்க முடியவில்லை. “உங்கடை அவர் ஏன் இந்தப் பேய்க்கு இவ்வளவு பயப்பிடுறார்?”

சறோஜினி முகட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

“பிள்ளைப்பேறிலை செத்த மூத்ததாரத்து அக்காவைப் பாக்க வந்த டொக்டரை, ஆம்பிளை எண்டு திருப்பி அனுப்பினவர் இவர்தான். அதாலைதான் நாங்கள் வேறை பேயைத் தேடேல்லை. அக்காவையே காவலுக்குக் கூப்பிட்டனாங்கள்.”