ஒன்பதாவது பாட்டுக்கு ஒரு கையெழுத்து

"போடுங்கண்ணே. நீங்க போட்டாத்தான் கம்பெனி அசையும்" என்று பேனாவை என் சட்டைப் பையிலேயே செருகினார் பஸ் டிரைவர்.

நான் அதை எடுத்து அவர் பையில் செருகினேன்.

எங்கள் இஸ்திரிக் கடையில் எட்டுப் பேர் நிற்பதே கஷ்டம். அன்று பதினோரு பேர். எல்லோரும் மாடிக்காரனின் ரசிகர்கள்.

உலகத்துக்கு அவன் பெரிய பாடகன். எங்களுக்கு, மூன்று வருஷம் முன்புவரை மாடியில் வாடகைக்கு இருந்தவன், இஸ்திரிக் கடைக்கு மேலேயே குடியிருந்துகொண்டு கசங்கின சட்டையோடு திரிந்தவன். அவன் பேர் வாங்கிய பிறகு, போன வருஷத்திலிருந்து, அவன் இருந்த மாடியைப் பார்க்க வந்தவர்கள் கீழே எங்கள் கடையையே மன்றமாக்கிவிட்டார்கள்.

இப்போது அவனுடைய புது ஆல்பத்தில் ஒன்பதாவது பாட்டுதான் தகராறு. பாதியில் பாட்டு நின்றுவிடும். தாளம் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஒரு பெண் குரல் மட்டும் ஒன்றரை நிமிஷம் கடவுளைத் திட்டும்.

கண் அவிந்துவிட்டதா, காதில் என்ன பஞ்சா, உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் வந்துவிடுவதால் எழுந்திருக்க உடம்பு வணங்கவில்லையா என்று வெளுத்து வாங்கும்.

ரசிகர்களே கேட்டுக்கொண்டால் அந்தப் பாட்டை எடுத்துவிடுவதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. அதற்குத்தான் இந்த மனு. ஒரே தாளில் நெருக்கியடித்து அறுபது கையெழுத்து. தாளின் உச்சியில் மட்டும், மன்றம் நடக்கிற கடைக்காரன் என்று, எனக்கு இடம் விட்டிருந்தார்கள்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் மட்டும் எதிர்க்கட்சி. "கடவுளே கிடையாதுன்னு தைரியமாப் பாடியிருக்கார். அதை எதுக்கு எடுக்கணும்?" என்றாள்.

டிரைவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கும்பிடாமல் வண்டியை எடுக்காத மனுஷன். மாடிக்காரன் படத்தையும் வண்டியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தவர். அதைப் புதன்கிழமை கிழித்துவிட்டு அழுதார் என்று கேள்வி.

காசு வாங்கிக்கொண்டு கத்துகிற நடிகை என்றார் ஒருவர். இல்லாத கடவுளை எதற்கு இவ்வளவு நேரம் திட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். நல்ல கேள்வி. ஆனால் கேட்டவரே பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

இத்தனை களேபரத்திலும் என் மனைவி தன் பாட்டுக்குப் பள்ளிச் சீருடைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் எப்போதும் போல் பருத்தித் துண்டு. அவள் பேசுவதில்லை. இஸ்திரிப் பெட்டியால் மேஜையில் ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. மன்றத்தில் அவளுக்குப் பேரே 'தட்டு அக்கா'தான்.

"இப்படிப் பேசுற வாய் விளங்குமா?" என்றார் டிரைவர். "பாத்துக்கிட்டே இருங்க, அந்தப் பொம்பளைக்கு நாக்கு அழுகிப் போகும்."

பெட்டி நின்றது.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷக் கடையில் ஒருவர்மேலும் கை ஓங்கியதில்லை. அன்று ஓங்கியிருப்பேன். அதற்குள் அவள் கையை நீட்டினாள், மனுவைக் கேட்டு.

டிரைவர் பூரித்துப்போய்ப் பேனாவையும் சேர்த்தே கொடுத்தார்.

பேனாவை அவள் தொடவில்லை. தாளை மேஜையில் விரித்து, மூலையில் இருந்த மடிப்பை உள்ளங்கையால் நீவினாள். தொழில் புத்தி, விடாது. பிறகு பெட்டியை அதன்மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

முதலில் லேசாகப் புகைந்தது. அப்புறம் கருகல் நாற்றம். அறுபது கையெழுத்தும் பெட்டிக்கு அடியில் கருகும்வரை அவள் டிரைவரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்துக்கடைப் பெண் துள்ளினாள். "அக்கா, நீங்க நம்ம கட்சியா! கடவுள் கிடையாதுன்னுதானே சொல்றீங்க?"

இரண்டு தட்டு.

பெண்ணின் முகம் தொங்கிவிட்டது. "அப்ப, இருக்காருன்னு சொல்றீங்களா?"

ஒரு தட்டு. மேஜையில் இருந்த பொத்தான்கள் எகிறிக் கீழே விழுந்தன.

பிறகு அவள் அந்தப் பெண்ணின் கைபேசியைச் சுட்டிக்காட்டினாள். போடு என்று சைகை செய்தாள்.

பாட்டு ஓடியது. பாதியில் நின்றது. குரல் வந்தது.

என் மனைவியின் உதடுகள் அசைய ஆரம்பித்தன. ஒரு வார்த்தை பிசகவில்லை. குரல் மூச்சு வாங்கிய இடத்தில் அவளும் மூச்சு வாங்கினாள்.

திட்டி முடித்ததும் அந்தக் குரல் சிரிக்கும். "சரி, கிளம்பறேன். நாளைக்கும் வருவேன். எங்கயும் போயிடாம இங்கயே இரு" என்று சொல்லும். அதுவரைக்கும் அங்கே யாரும் கேட்டதில்லை. எப்போதும் அதற்கு முன்பே சண்டை ஆரம்பித்துவிடும்.

டிரைவரின் பார்வை அவள் உதட்டிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. துண்டை அவளே அவிழ்த்தாள். தொண்டைக் குழியில் அந்த ஓட்டையைப் பார்த்ததும் அவர் பேனாவைக் கீழே போட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் அவள் குரல்வளையை எடுத்தார்கள். அதற்கு முந்தின நாள் காலையில், வாடா, வந்து என் குரலைப் பிடித்து வை என்று அவளேதான் மாடிக்காரனைக் கீழே கூப்பிட்டாள். அவன் பிடித்தது எதுவும் புதிதல்ல. தினமும் பெட்டி சூடாகும்வரை கடவுளைத் திட்டுவது அவள் வழக்கம்.

இவள் வாயைக் கொஞ்சம் மூட வையேன் என்று அதே கடவுளிடம் நானும் பல வருஷம் வேண்டியிருக்கிறேன். என் வேண்டுதல்களில் பலித்தது அது ஒன்றுதான்.

இனி அதே வேண்டுதலோடு இந்தக் கடைக்குள் யார் வேண்டுமானாலும் வரட்டும். இங்கே இரண்டாவது பெட்டி என்னுடையது. அதுவும் சூடாகத்தான் இருக்கிறது.